பைலாவிலிருந்து பிளமென்கோவுக்கு: ஒரு முதிய மாணவனின் கிற்றார்க் குறிப்புகள்

எழுபது வயதைத் தாண்டிய ஒருவன் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடந்து, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றினுள் நுழைவதைக் கண்டால், கண்டவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். கடந்த எட்டு மாதங்களாக வாரத்தில் இரண்டு மாலைகள் நான் அவ்வாறு போய் வருகிறேன். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் துறையில் பிறருடைய எழுத்துகளைத் திருத்திக்கொண்டிருந்தவனுக்கு, இப்போது தன் கையைத் திருத்த ஒரு வாத்தியார் வாய்த்திருக்கிறார். வாத்தியாருக்கு வயது 27. பாடம், ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியான அந்தலூசியாவின் பிளமென்கோ இசை.

இந்த வயதில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கான விடை கிற்றாரில் மட்டும் இல்லை. கொழும்பின் வரலாற்றிலும், ஸ்பெயினின் வரலாற்றிலும், யாழ்ப்பாணத்து வயலின் ஒன்றின் வரலாற்றிலும் சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒன்றுசேர்த்து வைக்கும் முயற்சியே இக்கட்டுரை.

கொட்டாஞ்சேனை

நான் கிற்றாரை முதன்முதலில் தொட்டது 1969ஆம் ஆண்டு, கொட்டாஞ்சேனையில். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரியும் தெருவொன்றில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். துறைமுகத்தை அண்டிய அந்தப் பகுதியில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், பரதவர், கொழும்புச் செட்டிகள், பறங்கியர் என எல்லோரும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தனர். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பறங்கியர் ஒருவர் வாழ்ந்தார். மாலையானதும் சாரமும் பனியனுமாய் வாசற்படியில் அமர்ந்து கிற்றார் வாசிப்பார். தெருப் பிள்ளைகள் சுற்றி நிற்போம். ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டு மடியில் கிற்றாரை வைத்தார்.

"கையை இறுக்கிப் பிடியாதே மகன். மணிக்கட்டை விடு. ஆறு எண்ணு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் கற்பித்த முதற் பாடம் பைலா. ஒரு சுற்றுக்கு ஆறு அடி. ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். கையில் பிளெக்ட்ரம் என்னும் சிறு தகடு. கிற்றாரில் இரும்புத் தந்திகள். மணிக்கட்டு மேலும் கீழுமாக ஆடும். மூன்று சுரக்கூட்டுகள், நாங்கள் சொல்வதுபோல் மூன்று 'கோட்ஸ்', தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில் ஓர் இரவைக் கடத்திவிடலாம்.

பைலா என்ற சொல்லே போர்த்துக்கேயருடையது. நடனமாடுதல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 1505இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்து போயினர். ஆனால் அவர்களது பாட்டும் ஆட்டமும் போகவில்லை. ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்ட மக்களின் தாளம் அவற்றோடு கலந்தது. 'கபிரிஞ்ஞா' என்ற ஆட்டத்தின் பெயரே அக்கலப்புக்குச் சான்று. மட்டக்களப்புப் பறங்கியர் வயலினோடு அதை இன்றும் ஆடுகின்றனர். புத்தளத்துச் சிறாம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் தமது மஞ்ஞாப் பாடல்களைக் காத்துவருகின்றனர். 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் என்ற பறங்கியர் இந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களை இட்டுப் பாடத் தொடங்கியபோதுதான் இன்று நாமறிந்த பைலா பிறந்தது.

நான் பழகிய காலத்தில் அந்த ஆறடித் தாளம் தமிழுக்குள்ளும் வந்திருந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒலிக்காத திருவிழா இல்லை. ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைத் தமிழகம் வரை கொண்டுபோனார். 1977இல் இளையராஜா அதை 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் பயன்படுத்தினார். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று நாம் அழைத்த மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். அந்தத் துள்ளிசைப் பாடல்களுக்குக் கிற்றார் வாசிக்கும் இளைஞர் குழு ஒன்று கொட்டாஞ்சேனையில் எங்களுக்கும் இருந்தது. மாதா கோவில் விழாக்கள், வேல் விழாக் காலத்துக் கலைநிகழ்ச்சிகள், கல்யாணங்கள் என்று எங்கும் வாசித்தோம்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பின் பறங்கியர் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. என் ஆசிரியர் பிந்திப் போனவர்களில் ஒருவர். 1972இல் மெல்பேணுக்குப் புறப்படும்போது தமது கிற்றாரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். "அங்கே மகள் புதிது வாங்கித் தருவாள்" என்றார். அவர் கண்களைப் பார்த்தபோது அது உண்மையன்று என்று தெரிந்தது.

1983 ஜூலை 25ஆம் திகதி, திங்கட்கிழமை. அப்போது நான் திருமணமாகி வெள்ளவத்தையில் வாடகை வீடொன்றில் இருந்தேன். மனைவியும் கைக்குழந்தையும் பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தாரின் அறையில் ஒளிந்திருந்து உயிர் பிழைத்தனர். அகதி முகாமிலிருந்து பத்து நாட்களின் பின் வீட்டைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை. சாம்பலுக்குள் ஆறு இரும்புத் தந்திகள் சுருண்டு கிடந்தன. அவற்றைக் கொண்டுதான் எந்த இடத்தில் கிற்றார் சாத்தியிருந்தது என்று அடையாளம் கண்டேன். உயிர்கள் போன நாட்களில் ஒரு கிற்றாருக்காக அழுவது வெட்கக்கேடாகத் தோன்றியது. அழவில்லை. அதன்பின் நாற்பது ஆண்டுகள் கிற்றாரைத் தொடவுமில்லை.

கை மாறுதல்

எங்கள் தொடர்மாடிக்கு அருகே, ரயில் பாதையை நோக்கிய வீடொன்றிலிருந்து ஒரு மாலை கிற்றார் ஒலி கேட்டது. மழை பெய்வதுபோல் ஓர் ஓசை; இடையிடையே கதவைத் தட்டுவதுபோல் ஓர் அடி. நான் கேட்டறிந்த எந்தக் கிற்றாரும் அப்படிப் பேசியதில்லை. விசாரித்தேன். 1983இன் பின் பாரிஸுக்குப் புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் பேரன், அம்மம்மாவைப் பார்க்க வந்து ஓராண்டு தங்கியிருக்கிறான். பாரிஸில் அந்தலூசியாவிலிருந்து குடியேறிய ஸ்பானியக் குடும்பங்கள் வாழும் அயலில் வளர்ந்தவன். அவர்களிடமிருந்தே இந்த இசையைப் பழகியிருக்கிறான்.

"எனக்கும் கிற்றார் தெரியும் தம்பி" என்று சொல்லித்தான் உள்ளே போனேன். அவன் தனது கிற்றாரை நீட்டினான். பைலா ஒன்று வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னது: "நல்லாயிருக்கு அங்கிள். ஆனா இனி வலக்கையை மறக்க வேணும்."

மறப்பது எவ்வளவு கடினம் என்பதை அடுத்த வாரங்களில் அறிந்துகொண்டேன். வேறு இசைவழியிலிருந்து பிளமென்கோவுக்கு வருகிறவர்கள் அனைவரும் முட்டிக்கொள்ளும் சுவர் இடக்கை அன்று, வலக்கையே. சுரக்கூட்டுகளைப் பிடிக்கும் இடக்கைக்கு ஓரளவு எல்லாம் தெரிந்திருக்கும். வலக்கையோ பிறந்த குழந்தையாகிவிடும்.

முதலில் பிளெக்ட்ரம் போய்விடுகிறது. விரல்களும் நகங்களுமே கருவி. 'ரஸ்கெயாடோ' என்ற வீச்சில், மடக்கிய கையிலிருந்து சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் என ஒவ்வொன்றாகத் தந்திகளின்மேல் விசிறிபோல் விரிய வேண்டும். நான்கும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. நமது விரல்கள் வாழ்நாளெல்லாம் மூடுவதற்கே பழகியவை. பேனா பிடிக்க, பை தூக்க, கதவு சாத்த. விரல்களை வீசித் திறக்கும் தசைகளுக்கு வேலையே கொடுத்ததில்லை. முதல் இரண்டு மாதங்கள் நான் கிற்றாரைத் தொடாமலே, பஸ்ஸில் போகும்போதும் தொடையின்மேல் விரல்களை விரித்துக்கொண்டிருந்தேன். மனைவி, வைத்தியரிடம் காட்டலாமா என்று கேட்டார்.

பெருவிரலுக்குத் தனி வேலை. அது தந்தியை இழுத்துவிட்டு மேலே பறப்பதில்லை. அடுத்த தந்தியின்மேல் சாய்ந்து நிற்கிறது. 'அல்சாபூவா' என்ற வித்தையில் அதே பெருவிரல் நகம் கீழும் மேலுமாகச் சென்று ராகத்தையும் தாளத்தையும் ஒருசேரத் தருகிறது. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி ஒற்றைத் தந்தியில் ஓடுவது 'பிக்காடோ'. இவற்றிடையே மோதிரவிரல் கிற்றாரின் பலகையைத் தட்டுவது 'கோல்பே'. நான் தூரத்திலிருந்து கேட்ட கதவுத் தட்டல் அதுதான். பலகை பழுதாகாமலிருக்கத் தந்திகளின் கீழே மெல்லிய பிளாஸ்ரிக் தகடொன்று ஒட்டப்பட்டிருக்கும்.

கிற்றாரும் வேறு. இன்றைய ஸ்பானியக் கிற்றாரின் அளவையும் உள்ளமைப்பையும் நிலைப்படுத்தியவர் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ டி தொரெஸ் (1817–1892). மேல்நாட்டுச் செவ்வியல் கிற்றாரின் முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் கருங்காலி நிறத்து ரோஸ்வூட் மரத்தாலானவை. மரபான பிளமென்கோக் கிற்றாருக்கோ வெளிறிய சைப்பிரஸ் மரம். அக்காலத்து ஏழைக் கலைஞனுக்குக் கைக்கெட்டிய உள்ளூர் மரம் அது. இலேசான மரம், மெட்டுகளுக்கு நெருக்கமான தந்தி, சட்டென எழுந்து சட்டென அடங்கும் ஒலி. ஆடுகிறவரின் காலடியோடும் பாடுகிறவரின் குரலோடும் போட்டியிட வேண்டிய வாத்தியத்துக்கு நீண்டு ஒலிக்கும் இனிமையைவிட இந்த வெடிப்பே தேவை. இன்னொரு வசதியும் உண்டு. நைலோன் தந்திகள், வெள்ளவத்தையின் உப்புக் காற்றில் துருப்பிடிப்பதில்லை.

பன்னிரண்டு

கை ஓரளவு வழிக்கு வந்தபின் காதுக்குச் சோதனை தொடங்கியது. பிளமென்கோவின் தாளச் சுற்றுக்குக் 'கொம்பாஸ்' என்று பெயர். அதன் தாய் வடிவங்களில் ஒன்றான 'சோலெயா' பன்னிரண்டு எண்ணிக்கை கொண்டது. அழுத்தம் விழும் இடங்கள் 3, 6, 8, 10, 12.

என் வாத்தியார் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "பன்ரண்டில இருந்து பாருங்கோ அங்கிள். பன்ரண்டு, மூண்டு, ஆறு, எட்டு, பத்து. அவ்வளவுதான்."

கடிகாரத்தை நம் சொற்கட்டில் படித்தால் தகிட தகிட தக தக தக. இரண்டு மூன்றுகளும் மூன்று இரண்டுகளும், கூட்டினால் பன்னிரண்டு. நமது ரூபக தாளத்தின் இரண்டு ஆவர்த்தனங்களும் அதே பன்னிரண்டுதான். ஆகவே, "இது எங்களுக்குத் தெரிந்த கணக்குத்தானே" என்று நினைத்தேன். வாசிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தேன். காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. முதற்பாதியின் இரண்டு மூன்றுகளும் என் பழைய பைலாவின் ஆறேதான். அங்கே என் கை தானாகவே ஓடும். இரண்டாம் பாதியிலும் அது மூன்று மூன்றாகவே போக விரும்பியது. தாளமோ இரண்டு இரண்டாக மாறிவிட்டிருந்தது. நான் பாதி அறிந்தவனாக இருந்ததே எனக்கு இடையூறு. ஒன்றும் தெரியாத பிள்ளை அந்த இடத்தில் விழாது.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. சோலெயாவில் ஒரு வாசகம் முடிவது பன்னிரண்டில் அன்று, பத்தில். பதினொன்றும் பன்னிரண்டும் மிச்சமாக நிற்கின்றன. நல்ல கலைஞர்கள் அவற்றை ஒரு வீச்சால் நிரப்புவார்கள், அல்லது வெறுமையாக விடுவார்கள். நமது கச்சேரியில் தீர்மானம் எடுப்பை நோக்கி ஓடிவந்து சரியாக அதன்மேல் இறங்கும்போது சபை கை தட்டுகிறது. எடுப்பு சமத்திலிருந்து தள்ளி நிற்கும் பாட்டுகள் நமக்கும் உண்டு. ஆனால் அங்கே புறப்பாடு பிந்துகிறது, இங்கே முடிவு முந்துகிறது. பேச வேண்டியதைப் பத்தில் பேசி முடித்துவிட்டு, சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டும். செய்தியின் கடைசி வரிவரை எழுதி நிரப்பிப் பழகியவனுக்கு அந்த இரண்டு எண்ணிக்கை பெரும் பாடாக இருந்தது.

ராகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோலெயாவின் சுரவரிசையை நம் முறையில் எழுதினால் ஹனுமத்தோடி. முடிவான சுரக்கூட்டில் காந்தாரம் உயர்ந்து வகுளாபரணமாகிறது. சிலவேளை நிஷாதமும் உயர்ந்து, நம் பிள்ளைகள் முதற்பாடமாகப் பழகும் மாயாமாளவகௌளையின் சாயல் தெரிகிறது. எங்கள் அக்கா சரளி வரிசை பாடியபோது கேட்ட அந்தக் குழைந்த ரிஷபத்தை ஸ்பானிய இசையில் கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது உண்மை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'எல்லாம் நம்மிடமிருந்தே போனது' என்று எழுதிவிட நம்மவர் கை துடிக்கும். ஹித்தானோக்கள் என்று ஸ்பெயினில் அழைக்கப்படும் ரோமா மக்களின் மொழி இந்திய மொழிகளுக்கு உறவானது என்பது 1782இல் ஜேர்மன் அறிஞர் ரூடிகர் காட்டியதிலிருந்து நிலைநாட்டப்பட்ட உண்மை. அவர்களது மூதாதையர் புறப்பட்டது வட இந்தியாவிலிருந்து. பிளமென்கோ அவர்கள் மூட்டை கட்டிக் கொண்டுபோன பொருள் அன்று. அது அந்தலூசியாவில், 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில், ஹித்தானோக்களும் ஏனைய ஏழை மக்களும் சேர்ந்து உருவாக்கியது. அராபியர் ஆட்சியின் எச்சங்கள், தேவாலய இசை, நாட்டார் பாட்டு, ஆபிரிக்கத் தாளம் என்று பலவும் அதிலுண்டு. ஒரே சுரவரிசை இரு நாடுகளில் இருப்பதால் ஒன்று மற்றதற்குத் தாயாகிவிடாது. தோடிக்கு உயிர் அதன் கமகம். சோலெயாவுக்கு உயிர் அதன் கொம்பாஸ்.

பைலாவும் பிளமென்கோவின் பிள்ளை அன்று. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது பிளமென்கோ என்ற ஒன்று பிறந்திருக்கவே இல்லை. ஆயினும் பிளமென்கோவின் மூன்று அங்கங்கள் 'கான்தே', 'தோக்கே', 'பைலே': பாட்டு, வாத்தியம், ஆட்டம். அந்தப் 'பைலே'யும் நம் 'பைலா'வும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். பிள்ளையில்லை, ஒன்றுவிட்ட சகோதரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சுற்றிவளைப்பு

ஒரு மாலை வாத்தியார் கிற்றாரை ஓரமாக வைத்துவிட்டு, "இண்டைக்கு வாசிக்க வேண்டாம், கேளுங்கோ" என்றார். ஒலித்தட்டில் ஒரு குரல் மட்டும். கிற்றார் இல்லை. பின்னணியில் பட்டறைச் சுத்தியலின் சீரான அடி. 'மார்த்தினேத்தே' என்ற வகை. கொல்லர் பட்டறையோடும் சிறையோடும் தொடர்புபடுத்தப்படும் பழைய பாட்டு.

"இதென்ன தம்பி, செத்த வீட்டுப் பாட்டா?" என்று கேட்டேன்.

"சுற்றிவளைப்புப் பாட்டு, அங்கிள்" என்றார்.

பிறகு அதுபற்றித் தேடிப் படித்தேன். 1425இல் அரகோன் மன்னரின் அனுமதிச் சீட்டோடு யாத்திரிகராக ஸ்பெயினுக்குள் வந்தவர்கள் ஹித்தானோக்கள். 1499இல் அவர்கள் நிலையான தொழிலும் எசமானரும் தேடிக்கொள்ளாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று சட்டம் வந்தது. அடுத்த 250 ஆண்டுகள் மொழிக்கும் உடைக்கும் அலைந்து திரிவதற்கும் தடைமேல் தடை. 1749 ஜூலை 30ஆம் திகதி, ஆறாம் பெர்னாந்து மன்னரின் காலத்தில், அமைச்சர் என்செனாதா பிரபு இரகசியமாகத் திட்டமிட்டபடி, நாடு முழுவதும் படையினர் ஹித்தானோ வீடுகளைச் சூழ்ந்தனர். 9,000க்கும் 12,000க்கும் இடைப்பட்டோர் பிடிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். ஆண்கள் கடற்படைத் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். பெண்களும் சிறு பிள்ளைகளும் வேறிடங்களில் அடைக்கப்பட்டனர். இனம் பெருகாதிருக்க ஆணையும் பெண்ணையும் பிரித்துவைப்பதே நோக்கம். கடைசிக் கைதிகள் விடுபட 1765 ஆயிற்று. ஸ்பானிய வரலாற்றில் அந்நிகழ்வின் பெயர் 'கிரான் ரெதாதா'. அதை எப்படித் தமிழில் சொல்வது என்று நான் அகராதி தேடவேண்டியிருக்கவில்லை. பெரும் சுற்றிவளைப்பு.

கொழும்பில் வாழ்ந்த தமிழனுக்கு இச்சொல்லை விளக்கத் தேவையில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடைவிதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். நான் அன்று செய்தி மேசையில் இருந்தேன். விடுதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதினோம். செய்தியாக அதை எழுதி முடித்தேன். வேறெதுவாகவும் அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. 1983ஐயும் அப்படித்தான்.

அந்த மாலை மார்த்தினேத்தேயைக் கேட்டபோது, நாற்பது ஆண்டுகளாக நான் ஏன் கிற்றாரைத் தொடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. கிற்றார் எரிந்ததனால் அன்று. எனக்குத் தெரிந்த இசையில் அந்தச் சாம்பலுக்கு இடமிருக்கவில்லை. பைலா கொண்டாட்டத்தின் தாளம். அதை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் ஆறு தந்திகள் சுருண்டு கிடந்த அந்த மூலையை அதில் வாசிக்க முடியாது. சுற்றிவளைக்கப்பட்ட மக்கள் சுத்தியலடியைத் தாளமாக வைத்துப் பாடிய ஒன்றைக் கேட்டபோது, இப்படியும் செய்திருக்கலாமே என்று தோன்றியது. அன்று நான் அழுதேன். பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பல்கனியில் போய் நின்றான்.

யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஒரு சங்கிலி

பிளமென்கோக் கிற்றாரின் பேராசான் பக்கோ டி லூசியாவின் பெயரை வாசகர் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1947இல் அல்ஹெசிராஸ் என்ற துறைமுக நகரில் பிறந்து, 2014இல் மெக்சிக்கோவில் மறைந்தவர். அவருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய சங்கிலி இருக்கிறது.

வயலின் மேதை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்து வந்தவர். அவருடைய மைந்தர்களான எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் இளமைக்காலம் அங்கேதான் கழிந்தது. 1958 இனக்கலவரம் அக்குடும்பத்தைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பியது. இளையவரான சங்கர் பின்னர் அமெரிக்கா சென்றார். அங்கே ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லாக்லினைச் சந்தித்தார். சாகிர் ஹுசைனின் தபேலாவும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர 'சக்தி' என்ற குழு பிறந்தது. அதன் முதல் இசைத்தட்டு 1976இல் வெளிவந்தது. மின்கிற்றாரில் புகழின் உச்சத்திலிருந்த மக்லாக்லின் அதை வைத்துவிட்டு, அக்கூஸ்ரிக் கிற்றாரோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து நமது கணக்குகளைப் பழகினார்.

சக்தி கலைந்தபின் 1979இல் அவர் பக்கோவோடு இணைந்தார். 1980 டிசம்பர் 5ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் பக்கோ, மக்லாக்லின், அல் டி மியோலா மூவரும் வாசித்த நிகழ்ச்சி, கிற்றார் உலகம் மறக்காத ஒலிப்பதிவாயிற்று. மூவருள் மக்லாக்லின் நம் கணக்கை அறிந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை அவரோடு பகிர்ந்துகொண்ட கணக்கு அந்த மேடைவரை போயிருக்கிறது என்று நான் எண்ணிக்கொள்கிறேன். இதை நிரூபிக்கப்பட்ட வரலாறாக அன்றி, வரலாறு தந்த அனுமானமாகவே சொல்கிறேன்.

அதைவிட எனக்கு ஆறுதல் தருவது வேறொரு செய்தி. அந்த மேடையில் புதுமுகம் பக்கோவே. குழந்தைப் பருவத்திலிருந்து தந்தையிடம் நாளெல்லாம் பழகிய அவருக்கு, முன்கூட்டி அமைக்காத ஜாஸ் மனோதர்மம் பழக்கமில்லை. அதனோடு தாம் பட்ட பாட்டைப் பிற்காலப் பேட்டிகளில் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். உலகின் தலைசிறந்த வலக்கையை உடையவர், தம் முப்பதுகளில் மீண்டும் மாணவரானார். பெரு நாட்டில் தாம் கண்ட கஹோன் என்ற மரப்பெட்டித் தாளவாத்தியத்தை அவர் பிளமென்கோவுக்குக் கொண்டுவந்ததும் அதே மனப்பான்மையால்தான். இன்று அந்தப் பெட்டியில்லாத பிளமென்கோ மேடை அரிது. 2010இல் யுனெஸ்கோ பிளமென்கோவை மானுட மரபுரிமையாக அறிவித்தபோது, அதில் வந்துசேர்ந்தவர்களின் பங்கும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டது என்பேன்.

என் நிலை இப்போது என்னவென்றால், சோலெயாவின் மூன்று சிறு வாசகங்களை, 'பால்செட்டா' என்பார்கள், தடுக்காமல் வாசிக்கிறேன். ரஸ்கெயாடோவில் சுண்டுவிரல் இன்னும் சோம்பேறி. வலக்கை நகங்கள் மூன்றில் இரண்டு உடைந்துவிட்டன. வாத்தியார் அடுத்த மாதம் பாரிஸ் திரும்புகிறார். கணினித் திரையில் பாடம் தொடரும் என்று வாக்களித்திருக்கிறார். சென்ற செவ்வாய்க்கிழமை வாசகத்தைப் பத்தில் முடித்தேன். அவ்வேளை அளுத்கமை நோக்கிப் போகும் ரயில் ஜன்னலுக்கு வெளியே கடந்தது. அதன் சத்தத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் கேட்கவில்லை. ஆனால் எண்ணினேன். ரயில் போனபின் அடுத்த ஒன்றில் நானும் அவரும் ஒரே நேரத்தில் இறங்கினோம். "இப்ப காது எண்ணுது, அங்கிள்" என்றார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1960களிலும் 70களிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கிற்றார் வாசித்த இளைஞர் குழுக்கள் பல. அவற்றின் படங்களோ நிகழ்ச்சி அறிவித்தல்களோ ஒலிநாடாக்களோ கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் யாரிடமாவது இருக்கக்கூடும். இங்கிருந்தவை பெரும்பாலும் 1983இல் எரிந்துவிட்டன. உங்களிடம் இருப்பவற்றை எழுதி வையுங்கள், எனக்கும் அறியத் தாருங்கள். அந்தக் கிற்றார்க் காலத்தை முறையாகப் பதிவுசெய்யும் வேலையை இனித் தொடங்க எண்ணியிருக்கிறேன்.